ஆங்கோ

சான் ஹுவானில் தண்ணீருக்கு மணி உண்டு.
செவ்வாய்க்கிழமை, நடுநிசி தாண்டி இரண்டு நாற்பதுக்கு
மதகைத் திறந்தால்
ஐந்து இருபதுக்கு அடைத்தாக வேண்டும்.
ஃபோர்த்துனாத்தா கொல்கே
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு
வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கிறாள்,
மண்வெட்டிக் காம்பில் கன்னம் சாய்த்து.
போன வருடம் ஆண்டீஸில் விழுந்த பனி
இப்போதுதான் அவள் பாத்திக்கு வருகிறது.

இந்தக் காய்க்கு இங்கே பெயர் ஆங்கோ.
வேறு ஊர்க் கடைகளில்
பட்டர்நட் என்று எழுதிவைக்கும் அதே காய்தான்,
கழுத்து நீண்டு, அடி பெருத்து, சந்தன நிறத்தில்.
என் காதில் விழும்போது மட்டும் அது கேள்வியாகிவிடுகிறது.
ஆங்கோ?
ஈங்கு இல்லையோ?
கடல் கடந்து வந்தது என்று
நாம் பரங்கிப் பட்டம் கட்டிய குலம்
முதலில் கொடியோடியது இந்தக் கண்டத்தில்தான்.
தாரிஹாவிலிருந்து பஸ்ஸில்
ஒன்றரை நாள் பயணம் செய்து வந்தவளைத்தான்
இங்கே பரங்கி மாதிரி பார்க்கிறார்கள்.

பூ விடியலில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கும்.
பெண்பூவுக்கு அந்த ஒரே காலை.
அதன் அடியில் சுண்டுவிரல் அளவு காய்
கழுத்தும் அடியுமாக முன்கூட்டியே தயார்.
தேனீ வராவிட்டால் மஞ்சளித்து உதிர்ந்துவிடும்.
எனவே வாடகைக்கு எட்டுத் தேன்பெட்டி.
வாடகையில் பாதி அவளுடையது,
விதையில் பாதி, டீசலில் பாதி,
விளைந்தால் அதிலும் பாதி.
கண்விழிப்பது மட்டும் முழுசு.

ஜனவரி பதினேழு, சாயங்காலம் நாலு மணி.
ஆலங்கட்டி. பதினோரு நிமிடம்.
இலை இருந்த இடத்தில் காம்புகள் நின்றன.
காயெல்லாம் அம்மை வார்த்த முகம்.
நிலத்துக்காரன் ஹெர்மினியோ ரிவேரோஸ்
வண்டியைவிட்டு இறங்கவில்லை,
கண்ணாடியை இறக்கினான்.
"உழுதுடு. பூண்டு போடலாம்."
"பூண்டு ஏப்ரல்லதானே?
அதுவரைக்கும் இந்த ஒண்ணுமில்லாததுல
உன் பாதியையும் எனக்கே கொடு."
சிரித்தான்.
எடுத்துக்கோ என்றான்.
காகிதம் கிடையாது. சாட்சி ஒரு நாய்.

ஒன்பதாம் நாள் கணுவில் பச்சை.
அடிபட்ட இடத்தில்
தக்கை போல ஒரு தோல் போர்த்திக்கொண்டது காய்.
சில அழுகின.
இல்லை, நிறைய அழுகின.
எண்ணிக்கொண்டு வந்தாள், ஒரு நாள் எண்ணுவதை விட்டாள்.
செவ்வாய் வந்தால் மட்டும் வாய்க்கால் கரைக்குப் போனாள்.

மார்ச் கடைசியில் கொடி காய்ந்தது.
காம்பை மூன்று விரல் நீளம் விட்டு வெட்டினாள்;
காம்பு போன காய் மாசம் தாங்காது.
கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தாள்.
இறங்கினால் பிஞ்சு, இறங்காவிட்டால் முற்றல்.
போனஸ் அயர்ஸ் லாரித் தரகன்
தழும்பு என்று ஒரே சொல்லோடு போய்விட்டான்.
பள்ளிக்கூடச் சமையற்காரி மிர்தா யோர்னெட்
அறுபது கிலோ வாங்கினாள்.
அறுத்தால் உள்ளே தழும்பே தெரியவில்லை என்றாள்.
நாலில் ஒன்றில் தெரிந்தது.
அதைத் தனியாக வைத்து விலையைக் குறைக்கச் சொன்னாள்.

ஹெர்மினியோ வந்தான். இந்தமுறை இறங்கினான்.
குவியலைச் சுற்றி நடந்தான்.
ஒன்றை எடுத்து நகத்தை அழுத்தினான்,
இறங்கவில்லை. இன்னொன்று.
"நல்லாத்தான் வந்திருக்கு" என்றான்,
பாதியைக் கண்ணாலேயே எடை போட்டபடி.

"இரண்டு நாற்பது" என்றாள் அவள்.
"ஒன்பது செவ்வாய்."

சாட்சி இருவருக்கும் வாலாட்டியது.

அவள் தலை நிமிரவில்லை.
மண்ணில் படுத்து வெளிறிப்போன பக்கங்களை
ஒவ்வொன்றாக
வெயிலுக்குப் புரட்டிக்கொண்டிருந்தாள்.